ரிக்கே பதில் சொல்லாத பிற்பகல்

வானிலை நிலையம், கிழக்கு கிரீன்லாந்து
22 ஆகஸ்ட் 1971

அன்புள்ள அக்கா போடிலுக்கு,

நான் சுகம். நீயும் என் மகள் ரிக்கேயும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். விமானம் நாளைக் காலை கிளம்புகிறது. அடுத்தது எப்போது வரும் என்பது வானத்தின் கையில்.

ரிக்கேயைத் தாயில்லாப் பிள்ளையாக விட்டு விபேக்கே இறந்து ஐந்து மாதமாகிறது. இங்கே அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வேலை கடினமில்லை. காற்றையும் குளிரையும் அளந்து எழுதுகிறோம்.

கட்டடமே இல்லாத உன் காட்டுப் பள்ளியைப் பற்றிச் சொன்னால் நிலையத்தில் சிரிக்கிறார்கள்.

"மழை பெஞ்சா புள்ளைங்க என்ன பண்ணும்?"

"நனையும்."

"பனி பெஞ்சா?"

"அதுல உருளும்."

"அப்போ நம்ம நிலையமும் பாலர் பள்ளிதாண்டா. என்ன, நமக்குச் சம்பளம் குடுக்கறாங்க!" என்றார் மூத்தவர் பெர்தெல்.

நானும் சிரித்தேன், ஆனால் மனசு ஒட்டவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓர் அறைகூட வேண்டாமா? நீ நடத்தும் பள்ளி என்பதால் விட்டுவிட்டு வந்தேன். அவள் உன் கண்ணில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்பா வந்துவிடுவார் என்று அவளிடம் சொல்.

உன் தம்பி,
ஹோல்கர்

லோவ்பி, யூட்லாந்து
11 செப்டம்பர் 1971

அன்புத் தம்பி ஹோல்கருக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மழையை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிக்குள்ளே இரண்டாவது உள்சட்டை போடு.

ஒரு வாரமாக மழை. பிள்ளைகள் கொண்டாட்டத்தில் இருக்கிறார்கள். பீச் மரங்களுக்கு நடுவே சேற்றில் ஒரு சறுக்குப் பாதை செய்திருக்கிறார்கள். எனக்குத் துணையாக இருக்கும் யூட்டே அதில் வழுக்கி உட்கார்ந்ததிலிருந்து அதற்கு யூட்டே தெரு என்று பெயர்.

ரிக்கே முதல் இரண்டு வாரம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இப்போது கத்தியால் குச்சி சீவுகிறாள், உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக, முறைப்படி. ஒலுஃப் என்கிற பையன், "ஒங்கப்பா பனிக்கரடியக் கல்யாணம் பண்ணிக்கிட்டாராம்" என்று சீண்டினான். "ஆமா, கிறிஸ்துமஸுக்குக் கூட்டிட்டு வர்றாரு. மொதல்ல ஒன்னத்தான் திங்கும்" என்றாள். அவன் அம்மாவிடம் போய் அழுதான்.

அறையைப் பற்றிக் கேட்டாய். எங்களுக்கு எல்லை உண்டு. சிவப்பு நாடா கட்டிய மரங்களைத் தாண்டக் கூடாது. இடம் மாறும்போதெல்லாம் தலை எண்ணுவோம். வழி தவறினால் அந்த இடத்திலேயே நின்று குரல் கொடுக்க வேண்டும், நாங்கள் தேடி வருவோம் என்று மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கிறிஸ்துமஸை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நானும்தான்.

அன்புடன் அக்கா,
போடில்

வானிலை நிலையம்
3 அக்டோபர் 1971

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். வேலைக்காலம் முடிந்து ஊர் திரும்பும் பெர்தெல் இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பார். நல்ல மனிதர். காபி கொடு. ரிக்கேக்கு ஒரு ஜோடி கடல்நாய்த் தோல் கையுறை அனுப்பியிருக்கிறேன்.

ஒரு சங்கடமான செய்தி. எனக்குப் பதிலாக வரவேண்டியவன் கோபன்ஹேகனில் காலை உடைத்துக்கொண்டான். வேறு ஆள் கிடைப்பதாக இல்லை. அடுத்த ஜூலை வரை நான் இங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. என்ன செய்வது, மேலிடத்தில் தீர்மானித்துவிட்டார்கள். ரிக்கேயிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உனக்குத்தான் பிள்ளைகளிடம் பேசத் தெரியும்.

உன் தம்பி,
ஹோல்கர்

லோவ்பி
24 அக்டோபர் 1971

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

பெர்தெல் வந்திருந்தார். கையுறை அளவு சரியாக இருக்கிறது. ரிக்கேக்குக் கொஞ்சம் சளி, இப்போது தேவலை. இந்த முறை படம் வரைந்து தரவில்லை.

ஜூலையைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

வேறு விசேஷம் இல்லை.

போடில்

வானிலை நிலையம்
14 நவம்பர் 1971

அன்புள்ள அக்கா,

எங்களுக்கெல்லாம் சுகம்தான். சூரியன் போய்விட்டது, இனி பிப்ரவரியில்தான். உன் சுகத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். படிக்க என்ன இருக்கிறது அதில்? மழை இல்லை, யூட்டே இல்லை, ஒலுஃப் இல்லை. சளிக்கு நீ ஒருநாளும் 'தேவலை' என்று எழுதுகிறவள் இல்லை. அதை வைத்து ஒரு பக்கம் கதை சொல்வாய். 'அவளுக்குத் தெரியும்' என்றால் என்ன அர்த்தம்? நீ சொன்னாயா? அழுதாளா?

தந்தி கொடுத்திருப்பேன். இங்கே தந்தி என்றால் நிலையம் முழுக்கக் கேட்கும். அதனால் இந்த விமானத்தை நம்பி எழுதுகிறேன். ரிக்கேக்கு என்ன?

ஹோல்கர்

லோவ்பி
26 நவம்பர் 1971

அன்புத் தம்பி ஹோல்கருக்கு,

ரிக்கே நன்றாக இருக்கிறாள். இந்த நிமிடம் சமையலறையில் பாலைக் கொட்டிவிட்டு, பூனைதான் கொட்டியது என்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அக்டோபர் எட்டாம் தேதி அவள் காட்டில் தொலைந்துபோனாள்.

அன்று பைன் மரத்தோப்புப் பக்கம் காய் பொறுக்கப் போயிருந்தோம். மதியம் ரொட்டி சாப்பிட்டு முடித்துத் தலை எண்ணினேன். ஒன்று குறைந்தது. யாரோ புதருக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பார்கள் என்று மறுபடி எண்ணினேன். பிறகு விசில் ஊதினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள், அவளைத் தவிர.

பெற்றோர்கள் வந்து மற்றப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். போலீஸ் வந்தது, வனக்காவலர்கள் வந்தார்கள், ஒலுஃபின் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வரிசையாக நடந்து கூப்பிட்டோம். மழை பிடித்துக்கொண்டது. அவள் இருந்த இடத்தை நாங்கள் திரும்பத் திரும்பக் கடந்து போயிருக்கிறோம், ஹோல்கர். கை நீட்டினால் தொட்டுவிடலாம். பள்ளத்துக்கு மேல் சாய்ந்த ஒரு மரத்தின் கீழே உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் யூட்டே அந்தப் பள்ளத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகி வாய்விட்டு அழுதுவிட்டாள். கிளைக்குள்ளிருந்து ரிக்கே வெளியே வந்தாளாம். "அழாத யூட்டே. கால அசைக்காத, அப்படியே வெச்சிரு. நான் போடில் அத்தயக் கூப்பிடறேன்." அப்போதுதான் அவள் குரல் கேட்டது. அவளைத் தேடும் என்னை, யூட்டேக்காக அவள் கூப்பிட்டாள்.

அன்று இரவே காய்ச்சல். நெஞ்சுச் சளி வரை போய்த் திரும்பினாள். டாக்டர் இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார்.

இருட்டில் தன்னந்தனியாக இருக்கிறவனைக் கலங்கடிக்க வேண்டாமென்றுதான் எழுதவில்லை. இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மற்றப் பாதி, பயந்தேன்.

இப்போது எழுதவேண்டி வந்ததற்கும் காரணம் இருக்கிறது. பள்ளியை மூடுவதா என்று ஜனவரி இருபதாம் தேதி நகராட்சிக் கூட்டம். அதிகாரி தாம்கோர் வீட்டுக்கு வந்தார். "தகப்பனோட எழுத்து இல்லாம நாங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அவரு பள்ளிக்கூடம் வேணாம்னா வேணாம்தான்" என்றார். என்ன எழுதுவது என்று உனக்கு நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன்.

ஏன் பதில் கொடுக்கவில்லை என்று அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

வானிலை நிலையம்
7 டிசம்பர் 1971

போடில்,

விமானம் தரையிறங்காமல் தபால் பையை மட்டும் எறிந்துவிட்டுப் போய்விட்டது. அதனால் இது எப்போது உன்னை வந்து சேருமோ தெரியாது.

என் மகள் தொலைந்து ஏழு வாரம் கழித்து எனக்குச் சொல்கிறாய், அதுவும் நகராட்சி கேட்டதால். தாம்கோர் வராமலிருந்தால் நான் ஜூலையில் வந்து தெருவில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டிருப்பேன்.

நாடா கட்டிய மரங்களாம். தலை எண்ணுவார்களாம். உன் கண்ணில் இருக்கட்டும் என்று அந்த ஒன்றைத்தானே கேட்டேன்? இங்கே பனிப்புயலில் வளர்ந்த ஆண்பிள்ளைகளே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போகிறோம். குளிர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததெல்லாம் சேற்றில் சறுக்குவது.

நகராட்சிக்கு எழுதிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். மூடச் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன். ரிக்கேயை ஓடென்ஸேயில் விபேக்கேயின் அம்மா அப்பாவிடம் கொண்டுபோய் விடு. அவர்கள் வீட்டில் கதவாவது இருக்கிறது.

ஹோல்கர்

லோவ்பி
12 டிசம்பர் 1971

அன்புத் தம்பி,

உன் பதில் இன்னும் வரவில்லை. என்ன வரும் என்று ஊகிக்க முடிகிறது. அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். நலம்தானே? இங்கே நலம்.

நேற்று ரிக்கேயும் நானும் கிறிஸ்துமஸ் மரத்துக்குக் காகித இதயம் பின்னிக்கொண்டிருந்தோம். அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு எல்லாரும் கூப்பிட்டீங்க."

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. நீ கூப்பிட்ட. போலீஸ் மாமா கூப்பிட்டாரு. ஒலுஃபோட அப்பா கூப்பிட்டாரு, அவருக்குத் தொண்ட கட்டியிருந்துச்சு."

"அப்பறம் ஏன்டி பதில் சொல்லல?"

"அப்பா கூப்பிடலயே."

"அப்பா எங்கயோ தூரத்துல இருக்காருடி கண்ணு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாக விளக்கினாள்.

"கொஞ்ச நேரம் தொலஞ்சா நீங்க வருவீங்க. ரொம்ப நேரம் தொலஞ்சா அப்பா வரணும்ல?"

ஹோல்கர், பெர்தெல் வந்தது ஏழாம் தேதி. மறுநாள்தான் அவள் தொலைந்தாள். என் சமையலறையில் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். கால் உடைந்த பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அவர் விழித்தார்.

"கால் ஒடஞ்சுதா? அவன் கோபன்ஹேகன்ல பொட்டி கட்டி ரெடியா நின்னான். ஒங்க தம்பிதான், 'அவன் வேணாம், நானே இருக்கேன்'னு கையத் தூக்கினான். இந்தக் காலத்துல யாரு தூக்குவா?"

உன்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ரிக்கே கையுறையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் போட்டு முடித்துவிட்டு, கழற்றி, பெஞ்சின் மேல் வைத்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை. அளவு சரி என்று உனக்கு எழுதினேனே, அது உண்மைதான்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று எழுத நினைத்தேன். குற்றம் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ என்மேல் பாயும்போது திருப்பி எறிய இதைக் கையில் வைத்திருந்தேன்; அதுவும் அசிங்கம்தான். நீ பாயும் முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன். அவள் தொலைந்தது என் காவலில். தலை எண்ணியதும் நான், தவறவிட்டதும் நான். அதை யாரிடமும் மறுக்கமாட்டேன். ஆனால் அவள் போனதற்குக் காரணம் காடு இல்லை.

போடில்

வானிலை நிலையம்
21 டிசம்பர் 1971

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ரிக்கே நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

இன்று விமானம் தரையிறங்கியது. என் பழைய கடிதம் ஏற்கெனவே பைக்குள் முத்திரை வைத்துக் கட்டியாகிவிட்டது. விமானி காபி குடித்துக்கொண்டிருந்தபோது உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு போய்ப் பையை அவிழ்க்கச் சொன்னேன். "முத்திர வெச்சாச்சுப்பா, சட்டப்படி கூடாது" என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே அவிழ்த்தார். உனக்கு எழுதியதை இதோடு வைக்கிறேன். நான் என்ன எழுதினேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். நகராட்சிக்கு எழுதியதை அடுப்பில் போட்டுவிட்டு வேறு எழுதினேன். என் மகள் போனது நான் பொய் சொன்னதால் என்று அதில் இருக்கிறது.

ஏன் கையைத் தூக்கினேன்? வீட்டுக்கு வந்தால் காலையில் ரிக்கேக்குத் தலை வாரிவிட வேண்டும். விபேக்கே எந்தப் பக்கம் வகிடு எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. சிரிக்காதே, இங்கே வரக் கப்பல் ஏறும்வரை அது ஒன்றே என்னை அரித்துக்கொண்டிருந்தது. இப்படி எத்தனை தெரியாதோ, ஒவ்வொன்றாக அவள் முன்னால் தெரியவரும். இங்கே காற்றின் வேகத்தை எழுதினால் போதும்.

இந்த விமானத்திலேயே வந்திருப்பேன். என் இடத்துக்கு ஆள் இல்லாமல் கிளம்ப முடியாது; அந்த ஆளை வேண்டாமென்றது நான்தான். எல்லோர் காதிலும் விழும்படி தந்தி கொடுத்துவிட்டேன். பிப்ரவரி கடைசிக்குள் அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது. உறுதியாகத் தெரியும்வரை ரிக்கேயிடம் தேதி எதுவும் சொல்லாதே.

ஹோல்கர்

லோவ்பி
30 ஜனவரி 1972

அன்புத் தம்பி,

நாங்கள் இருவரும் நலம். நீ கிளம்புகிற மட்டும் நலமாக இரு. வந்தபிறகு உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்தது. உன் கடிதத்தை தாம்கோர் உரக்கப் படித்தார். பிறகு ஒலுஃபின் அம்மா எழுந்தாள். "அப்பா பொய் சொன்னது அப்பா தப்பு. சரி. ஆனா புள்ள நழுவிப் போறப்போ பாக்க வேண்டியது யாரு? நாளைக்கு என் புள்ளைக்கும் ஏதாவது மனக்கஷ்டம் வரும்ல?"

அவள் கேட்டது நியாயம். நான் எழுந்து அப்படியே சொன்னேன். அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

பள்ளி இருக்கும். இரண்டு பேர் போதாது, மூன்றாவதாக ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். பொறுப்பில் நான் இருக்கக் கூடாது. இது அவர்கள் கேட்காமலே நான் சொன்னது. சொன்னதும் அவர்களுக்கு நிம்மதி. யூட்டே பொறுப்பேற்கிறாள். நீ வந்ததும் நான் எஸ்பியர் போகிறேன். அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலர் பள்ளியில் வேலை. நான்கு சுவர், கூரை, வரிசையாகக் குட்டி நாற்காலிகள். "மழை வந்தா ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று ரிக்கே கேட்டாள். என் முழங்காலைத் தட்டிக் காட்டினேன்.

வகிடு இடப்பக்கம்.

அக்கா

லோவ்பி
18 மார்ச் 1972

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். எஸ்பியர்க் காற்று உன் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நான் வந்த அன்று நடந்தது உனக்குத் தெரியும். நீயும் ரயிலடியில் நின்றாய். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். உன் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீ போனபிறகும் ஒரு வாரம் என்னோடு ஏதோ விருந்தாளியிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள். தலை வாரும்போது மட்டும், "இழுக்கற" என்று திட்டுவாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது ஆளுக்கு விளம்பரம் கொடுத்தும் யாரும் வரவில்லை. யூட்டே என்னைக் கேட்டாள். எனக்குப் பனியில் நின்று பழக்கமாம். சம்மதித்தேன். பிள்ளைகள் என்னைக் கரடி மாமா என்கிறார்கள்.

நேற்று ஓடைப் பக்கம் போயிருந்தோம். கிளம்பும்போது நான்தான் தலை எண்ணினேன். ஒன்று குறைந்தது. ரிக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதனால் அவள் இல்லை. மறுபடி எண்ணினேன். ஒலுஃபைக் காணவில்லை. ஓடை பனி உருகி நுரைத்துக்கொண்டு போகிறது. பெயர் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே யாரோ கத்துவதுபோல இருந்தது. ரிக்கேதான் அண்ணாந்து பார்த்தாள். "அதோ." என் தலைக்கு நேர்மேலே கிளையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

இறங்கச் சொன்னேன். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யூட்டே வந்து பக்கத்தில் நின்றாள். "மொதல் தடவ எல்லாருக்கும் இப்படித்தான் ஆயிடும். கொஞ்சம் உக்காருங்க" என்றாள்.

இரண்டு நிமிடம்கூட இருக்காது, அக்கா. உனக்கு அது மதியத்திலிருந்து இருட்டும்வரை. அதற்குப் பிறகும் அவள் காய்ச்சலில் கிடந்தபோது நீ தனியாக விழித்திருந்தாய், எனக்கு எழுதாமல். அப்படி இருந்தவளுக்குத்தான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

மன்னிப்புக் கேட்டால் 'விடுடா' என்பாய். அதனால் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். ராத்திரி விளக்கை அணைக்கும்போது, "அத்த எப்ப வரும்?" என்றாள் ரிக்கே. ஈஸ்டருக்கு வருவாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதுதான். "நெஜமா?" என்று என் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்றேன்.

என்னை நம்பித் தூங்கியிருக்கிறாள். வந்துவிடு.

உன் தம்பி,
ஹோல்கர்